மாட்டினவர்தான் கழற்ற வேண்டும்

தமிழ்நாட்டில் கரண்ட் ஷாக் அடிக்காத தெரு என்று ஒன்று இருக்குமானால் அது சின்னமனூரில் எங்கள் தெருதான். அதற்குக் காரணம் நல்ல வயரிங்கும் அல்ல, நல்ல நேரமும் அல்ல. ஒரே ஒரு மனிதர். அப்பா அம்மா வைத்த பெயர் அவருடைய ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. தெருவுக்கு அவர் லைன் கிளியர்.

கரண்ட் கம்பியில் கை வைக்கும் முன், அதில் கரண்ட் வராது என்று பொறுப்பானவரிடம் உறுதி வாங்குவதற்குப் பெயர் லைன் கிளியர். லோயர் கேம்ப் பவர் ஹவுஸில் வேலை பார்த்த காலம் முழுக்க அதைக் கொடுத்தும் வாங்கியும் பழகியவர், ஓய்வு பெற்றுச் சின்னமனூருக்கு வந்த பிறகும் பழக்கத்தை விடவில்லை. மிக்ஸி ஜாரின் அடியில் தேங்காய்ச் சில் சிக்கினால்கூட அடுப்படி வாசலில் வந்து நிற்பார்.

"டீச்சர், மிக்ஸிக்கு லைன் கிளியர் குடுக்கீகளா?"

டீச்சர் என்பது அவருடைய மனைவி. பெண்கள் பள்ளியில் கணக்கு சொல்லிக் கொடுத்தவர். கல்யாணமான நாளிலிருந்து மனைவியை அவர் வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. டீச்சர் பிளக்கைப் பிடுங்கிக் கையில் தூக்கிக் காட்டி, "குடுத்தாச்சு, வாங்க" என்று சொன்ன பிறகுதான் அவர் அடுப்படிக்குள் காலை வைப்பார்.

அவரிடம் இரண்டு தகரப் போர்டுகள் இருந்தன. சிவப்புப் பெயிண்டில் வெள்ளை எழுத்து. 'ஆள் வேலை செய்கிறார். சுவிட்சைப் போடாதே.' மேலே ஓட்டை போட்டு ஒரு கம்பிக் கொக்கி மாட்டியிருக்கும். ஒன்று உபயோகத்துக்கு, மற்றது ஸ்பேர். இந்த போர்டுக்கு ஒரு சட்டம் உண்டு. மாட்டினவர்தான் கழற்ற வேண்டும். கடவுளே வந்தாலும் வேறு கை படக் கூடாது.

கடவுளே வந்துதான் பார்த்தார். அம்மன் கோயில் திருவிழாவில் சீரியல் செட் எரியவில்லை என்று இவரைக் கூப்பிட்டார்கள். மெயினில் போர்டை மாட்டினார், கோளாறைச் சரி செய்தார். அந்த நேரம் பார்த்து சீலையம்பட்டியில் யாரோ தவறிவிட்டதாகச் செய்தி வர, போர்டை மறந்து பஸ் ஏறிவிட்டார். அம்மன் இருட்டில் உட்கார்ந்திருந்தாள். கமிட்டிக்காரர்கள் மெயினைச் சுற்றி நின்று போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கழற்ற ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. கடைசியில் துக்க வீட்டிலிருந்து அவரை பைக்கில் அள்ளிக்கொண்டு வந்தார்கள். குளிக்காமல் கோயிலுக்குள் வரக் கூடாது என்று பூசாரி தடுக்க, குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்து போர்டைக் கழற்றினார். யாரும் திட்டவில்லை. ஷாக் அடிக்காத தெருவில் குடியிருப்பதற்கு அது கொடுக்க வேண்டிய விலை என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது.

இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. புதிதாக வாங்கிய எந்தச் சாமானின் மேலும் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க மாட்டார். ஃபிரிட்ஜின் கைப்பிடியில் தாள் அப்படியே இருந்தது. டிவி வாங்கியபோது ஒட்டியிருந்த தாளின் வழியாகத்தான் அந்த வீட்டில் செய்தி பார்த்தார்கள். செய்தி வாசிப்பவருக்கு எப்போதும் லேசான மஞ்சள் காமாலை இருந்தது. சோபாவில் உட்கார்ந்தால் பாலிதீன் சரசரக்கும், கோடையில் எழுந்தால் பட்டென்று முதுகை விடும். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"உரிச்சிட்டா அப்புறம் அது பழசு தம்பி" என்றார்.

ஓய்வு பெற்ற மனிதர்கள் பேப்பர் படிப்பார்கள், வாக்கிங் போவார்கள், மருமகளைக் குறை சொல்வார்கள். லைன் கிளியருக்கும் டீச்சருக்கும் பிள்ளை இல்லை. அதனால் குறை சொல்ல மருமகளும் இல்லை. அவர் ஒரு பவர் ஹவுஸ் கட்டிக்கொண்டார்.

நீர்மின் நிலையம் ஒன்றைத் திரையில் அப்படியே காட்டும் கம்ப்யூட்டர் விளையாட்டு இருப்பதாக யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். மதகைத் திறக்கலாம், டர்பைனை ஓட்டலாம், லோடு ஏற்றலாம், இறக்கலாம். அதற்குச் சாதாரணக் கம்ப்யூட்டர் தாங்காது என்றதும், தேனி பஜாரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஜெபராஜிடம் ஒவ்வொரு பாகமாக வாங்கி வந்து, வீடியோ பார்த்துத் தானே பூட்டினார். டீச்சர் டார்ச் பிடித்தார். பூட்டி முடித்ததும் மாடி அறையில் வைத்து, பொட்டு வைத்து, தேங்காய் உடைத்தார்கள்.

மறுநாளிலிருந்து டூட்டி ஆரம்பமானது. காலையில் சாப்பிட்டு முடித்ததும் பழைய காக்கிச் சட்டையைப் போடுவார். டிபன் கேரியரை எடுத்துக்கொள்வார். "டீச்சர், டூட்டிக்குப் போயிட்டு வாறேன்" என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறுவார். யாராவது அவரைத் தேடி வந்தால் டீச்சர் சிரிக்காமல் சொல்வார்.

"டூட்டிக்குப் போயிருக்காக. ஷிப்ட் முடிஞ்சு சாயங்காலம் வருவாக."

தலைக்கு மேலே நாற்காலி நகரும் சத்தம் கேட்கும். வந்தவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, சாயங்காலம் வருவதாகச் சொல்லிப் போவார். முல்லைப் பெரியாற்றில் தண்ணீர் கூடிய நாளில் இவரும் திரையில் ஒரு மதகு கூடுதலாகத் திறப்பார். ஆறு வற்றிய கோடையில் லோடைக் குறைத்துவிட்டு வருத்தமாக உட்கார்ந்திருப்பார்.

கேட்டால் சிரிக்கத்தான் தோன்றும். நானும் சிரித்தேன். ஆனால் ஓய்வு பெற்று வந்த புதிதில் வாசலில் உட்கார்ந்து போகிற பஸ்ஸை எல்லாம் வெறித்துக்கொண்டிருந்த மனிதரை நான் பார்த்திருக்கிறேன். காக்கிச் சட்டைக்குள் போன பிறகு அந்த முகம் வேறு. அதைத் தெரிந்துதான் டீச்சர் தினமும் டிபன் கேரியரில் சோறு கட்டினார்.

ஒரு நாள் ஷிப்ட் முடியும் முன்பே அவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். முகத்தைப் பார்த்ததும் யாரோ போய்விட்டார்கள் என்றே நினைத்தேன்.

"தம்பி, மெஷின் ட்ரிப் ஆயிருச்சு. தானா நின்னுபோச்சு."

வாராவாரம் பத்திரிகைக்குக் கட்டுரையைக் கம்ப்யூட்டரில் அடித்து அனுப்புகிறவன் என்பதால் தெருவுக்கு நான் கம்ப்யூட்டர் நிபுணன். எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். அணைத்துவிட்டுத் திரும்பப் போடுவது. அதைச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், கொலைக்குத் தூண்டுகிறவனைப் பார்க்கும் கலக்கம் இருந்தது.

"காரணம் தெரியாமயா? ட்ரிப் ஆன மெஷினைக் காரணம் தெரியாம ஸ்டார்ட் பண்ணக் கூடாது தம்பி. மெஷின் ஏன் நின்னுச்சுன்னு கேக்கணும். நிக்காம ஓட வைக்க வழி கேக்கக் கூடாது."

மாடிக்குப் போனோம். எக்ஸ்டென்ஷன் பெட்டியின் சுவிட்சில் போர்டு தொங்கியது. சோதனை ஓட்டத்துக்கு ஒரு சாட்சி இருந்தால் அனுமதி உண்டாம். நான் சாட்சி. போர்டைக் கழற்றி ஓட விட்டார். திரையின் ஓரத்தில் புராசஸரின் சூடு எண்ணாகத் தெரிந்தது. விளையாட்டில் லோடு ஏற ஏற எண்ணும் ஏறியது. காய்ச்சல்காரப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். எண் சிவப்பானது. விசிறி அலறியது. பொட்டென்று எல்லாம் அணைந்தது.

"பாத்தீகளா" என்றார், மெதுவாக. போர்டைத் திரும்ப மாட்டினார்.

முதல் சந்தேகம் காற்றின் மேல் விழுந்தது. பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, மேற்கு ஜன்னலைப் பார்த்து வைத்திருந்தார். காற்றுக் காலத்தில் பள்ளத்தாக்கில் இறங்கி வரும் காற்று நேராக உள்ளே போகும் என்பது திட்டம். "லோயர் கேம்ப் பக்கமிருந்து வர்ற காத்து தம்பி. நம்ம காத்து" என்றார். காற்று வந்தது உண்மைதான். வழியில் திராட்சைத் தோட்டத்தில் கொடிக்கு அடித்த துத்தம் சுண்ணாம்பு மருந்தையும் சேர்த்து வாரிக்கொண்டு வந்திருந்தது. விசிறி இறக்கைகளில் வெளிர் நீலமாகப் படிந்திருந்தது. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு பெயிண்ட் பிரஷ்ஷால் ஒரு காலைப் பொழுது முழுக்கத் தட்டினோம். பெட்டியைத் திருப்பி வைத்து மூடியைப் போட்டோம். ஓட விட்டோம். எண் ஏறியது. சிவப்பானது. ட்ரிப்.

அன்று கீழே இறங்கும்போதுதான் டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, இவுக மாடி ஏறும்போது பாதிப் படியில நின்னுர்றாக. கேட்டா, மேல மெஷின் சத்தத்தைக் கேக்கேன்ங்குறாக. அப்ப மெஷின் ஓடவே இல்ல தம்பி."

நான் மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தேன்.

"நெஞ்சைத் தடவிக்கிட்டே வாய்வுங்குறாக. ஓமத் தண்ணி கேக்குறாக, சோடா கேக்குறாக. ஆஸ்பத்திரின்னா மட்டும் காதுல விழல. அவுக அப்பாவும் இப்பிடித்தான், வாய்வு வாய்வுன்னே போனாராம். நீங்க சொல்லிப் பாருங்க."

மறுநாள் சொன்னேன். "அண்ணே, ஒரு எட்டு தேனிக்குப் போயி நெஞ்சைக் காட்டிட்டு வந்திருவோம்."

"போவோம் தம்பி. மெஷின் நின்ன காரணம் தெரியட்டும். ஒரு ட்ரிப்பைப் பாதியில விட்டுட்டு இன்னொண்ணைத் தொடக் கூடாது."

எவ்வளவு சொல்லியும் அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயரவில்லை. ஆக, அந்த மனிதரின் நெஞ்சைக் காப்பாற்ற வேண்டுமானால் முதலில் அந்தக் கம்ப்யூட்டரின் சூட்டைத் தணிக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. செய்தி தெருவில் பரவியது. எதிர்வீட்டுக்காரர் தன் வீட்டு டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து பெட்டிக்கு முன்னால் வைத்தார். பலசரக்குக் கடைக்காரர் ஜன்னலுக்கு ஈரச் சாக்கு கட்டிக் கொடுத்தார். அதனால் சுவர் ஊறியதுதான் மிச்சம். கோயில் கமிட்டித் தலைவர், இருட்டில் உட்கார்ந்த அம்மனின் மனக்குறையாக இருக்கலாம் என்று அர்ச்சனைக்குச் சீட்டு வாங்கினார்.

"பேரு?" என்று பூசாரி கேட்டார்.

"கம்ப்யூட்டர்."

"நட்சத்திரம்?"

தலைவர் டீச்சருக்குப் போன் போட்டுக் கேட்டார். பூட்டி முடித்த அன்று பூசம் என்று டீச்சர் காலண்டரைப் பார்த்துச் சொன்னார். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு பூச நட்சத்திரத்துக்கு அர்ச்சனை செய்தார். அத்தனை பேரும் அன்று கும்பிட்டது கம்ப்யூட்டருக்காக இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். அர்ச்சனைத் தட்டு வீட்டுக்கு வந்தபோது லைன் கிளியர் குங்குமத்தை எடுத்துப் பெட்டிக்கு மட்டும் வைத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் ஜெபராஜ் தேனியிலிருந்து வந்து சேர்ந்தார். பொறுமையான மனிதர். பெட்டியைத் திறந்து உற்றுப் பார்த்தார். புராசஸர் என்பது பிஸ்கட் அளவு சில்லு. அதன் தலையில் அலுமினியத் தகடுகளும் ஒரு விசிறியுமாக உட்கார்ந்து, சூட்டை வாங்கி வெளியே தள்ளுகிற சாமானுக்குப் பெயர் கூலர். இரண்டுக்கும் நடுவில் ஒரு பொட்டு பசை வைக்க வேண்டும். நம்மவர் வைத்திருந்த பசை நான்கு பக்கமும் பிதுங்கி வழிந்திருந்தது.

"ஏண்ணே, இவ்வளவு பேஸ்டு?"

"பேரிங்குக்குக் கிரீஸ் வைக்கையில கஞ்சத்தனம் பாக்கக் கூடாது."

"இது பேரிங் இல்லண்ணே. கூலரைக் கழட்டிப் பாத்திருவோம்."

"அது வேணாம். அது நான் மாட்டுனது."

"அதான் பாப்போம்ங்கேன்."

"தம்பி, அது நான் மாட்டுனது." இரண்டாவது முறை சொன்ன தொனியில் ஜெபராஜ் ஸ்குரு டிரைவரைக் கீழே வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு வேறு வழி சொன்னார்.

"அப்ப ஒண்ணு பண்ணலாம். ரொம்பச் சூடானா ஆஃப் ஆயிரணும்னு உள்ள ஒரு அளவு வச்சிருக்கான். அதைக் கொஞ்சம் ஏத்தி விட்டுர்றேன். அணையாம ஓடும்."

லைன் கிளியர் எழுந்து நின்றார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். சத்தம் போடவில்லை.

"என்ன சொல்றீக? ஆபத்துன்னு சொல்ற வாயை அடைக்கச் சொல்றீகளா? இதுக்கு மேல தாங்காதுன்னு ஒரு மெஷின் தானா நிக்கிதுன்னா, அது நல்ல மெஷின். அது பேச்சைக் கேக்கணும்."

வாசற்படியில் காப்பித் தட்டோடு நின்ற டீச்சர், அதைக் கேட்டுக்கொண்டு அவரையே பார்த்தார். பிறகு காப்பியை வைத்துவிட்டுக் கீழே போனார்.

அதற்கப்புறம் வந்த ஒரு மத்தியானம். டீச்சர் கூப்பிட்ட குரலைக் கேட்டு ஓடினேன். லைன் கிளியர் மாடிப்படியின் முதல் படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டிபன் கேரியர் திறக்கப்படாமல் இருந்தது. காக்கிச் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. இடது கையைப் பிசைந்துகொண்டே சிரிக்க முயன்றார்.

"ஒண்ணும் இல்ல தம்பி, வாய்வு. டீச்சர், ஒரு சோடா வாங்கியாரச் சொல்லுங்க. குடிச்சிட்டு மேல போயிருவேன். சோதனை ஓட்டம் பாதியில நிக்கிது."

டீச்சர் உள்ளே போனார். வரும்போது கையில் ஸ்பேர் போர்டு இருந்தது.

"ட்ரிப் ஆன மெஷினை என்ன பண்ணக் கூடாது? சொல்லுங்க" என்றார். கணக்கு வகுப்பில் கேட்கிற குரல்.

அவர் விழித்தார். "காரணம் தெரியாம... ஸ்டார்ட் பண்ணக் கூடாது."

"நீங்க ட்ரிப் ஆயிருக்கீக."

கொக்கியை அவருடைய சட்டைப் பித்தான் துளையில் மாட்டினார். 'ஆள் வேலை செய்கிறார். சுவிட்சைப் போடாதே' என்று சிவப்புத் தகரம் நெஞ்சின் மேல் தொங்கியது. அது சட்டைப் பித்தானில் பட்டுக் கிணுகிணுத்தது.

"மாட்டுனது நான். நான்தான் கழட்டணும். அதுவரைக்கும் இந்த மெஷின் மாடி ஏறாது."

லைன் கிளியர் குனிந்து போர்டைப் படித்தார். ஆயுசு முழுக்க அந்த போர்டை மீறாத மனிதர். எழுந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக் காருக்கு வந்தார்.

வீரபாண்டி வழியாகத் தேனிக்கு விரட்டினேன். பின்சீட்டில் டீச்சர் அவர் கையைப் பிடித்திருந்தார். தேனி ஆஸ்பத்திரியில் படுக்க வைத்ததும், ஈசிஜி எடுக்க வந்த நர்ஸ் போர்டைப் பார்த்துத் திகைத்துக் கழற்றப் போனார்.

"ஆத்தா, தொடாத" என்றார் லைன் கிளியர், மூச்சு வாங்க. "மாட்டுனவக வெளிய நிக்காக. அவுகளைக் கூப்பிடு."

டீச்சர் உள்ளே வந்து சட்டையைத் திறந்து போர்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். போர்டைக் கழற்றவில்லை. ஈசிஜி எடுத்து முடித்ததும் டாக்டர் தாளைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார்.

"இதை மாட்டினது நீங்களாம்மா? சரியான நேரத்துல நிப்பாட்டியிருக்கீங்க" என்றார். வராந்தாவுக்கு வந்த பிறகுதான் டீச்சர் அழுதார். நானும் கூட நின்று அழுதேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை.

அடைப்பு இருந்த இடத்தில் ஸ்டென்ட் வைத்து அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கேதான் புதுச் சிக்கல் ஆரம்பமானது. மாடியில் கம்ப்யூட்டர் சுவிட்சில் அவர் மாட்டிய போர்டு. அதை அவர்தான் கழற்ற வேண்டும். கீழே அவர் மேல் டீச்சர் மாட்டிய போர்டு. அது இருக்கும்வரை அவர் மாடி ஏறக் கூடாது. இருவருமே சட்டத்தை விடுகிறவர்கள் இல்லை. கட்டிலில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்து, "காரணம் தெரியலையே டீச்சர்" என்று அவர் பெருமூச்சு விடுவதும், "தெரியாட்டிப் போகுது" என்று டீச்சர் மாத்திரையை நீட்டுவதுமாக நாட்கள் போயின. கடைசியில் தெருவே கூடி யோசித்து, போர்டு தொங்கிய எக்ஸ்டென்ஷன் பெட்டியோடு கம்ப்யூட்டரைக் கழற்றாமல் கொள்ளாமல் கீழே தூக்கி வந்தோம். அம்மன் சப்பரத்தைக்கூட அவ்வளவு அலுங்காமல் தூக்கியதில்லை.

ஜெபராஜும் வந்திருந்தார். லைன் கிளியர் நாற்காலியில் உட்கார்ந்து தன் போர்டைத் தன் கையால் கழற்றினார்.

"டீச்சர், லைன் கிளியர் குடுக்கீகளா?"

டீச்சர் பிளக்கைத் தூக்கிக் காட்டினார். "குடுத்தாச்சு."

"தம்பி ஜெபராஜ், அந்தக் கூலரைக் கழட்டுங்க. அது நான் மாட்டுனது. அதான் அதைப் பாக்கணும்."

கூலர் கழன்று வந்தது. ஜெபராஜ் பசையைத் துணியால் துடைத்தார். துடைத்த இடத்தில் உலோகம் தெரியவில்லை. பளபளவென்று ஒரு பிளாஸ்டிக் தாள், சூட்டில் சுருங்கிப் பழுத்துப்போய் ஒட்டியிருந்தது. ஃபிரிட்ஜில், டிவியில், சோபாவில் இருந்த அதே தாள். புதுக் கூலரின் அடியில் கீறல் விழாமலிருக்க ஒட்டி அனுப்புவது. அதை உரிக்காமல், அதன் மேலேயே கிரீஸைக் கொட்டிப் பூட்டியிருந்தார். பாவம், அந்தப் புராசஸர் அத்தனை மாதமும் அந்தத் தாளுக்கு அடியில்தான் வெந்துகொண்டிருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. ஜெபராஜ் வேண்டுமென்றே ஜன்னலைப் பார்த்தார். லைன் கிளியர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தாளை உரித்து வெளிச்சத்தில் பிடித்தார். அதில் ஆங்கிலத்தில், பொடிச் சிவப்பு எழுத்தில் ஒரு வரி இருந்தது. எழுத்துக் கூட்டி, சத்தமாக, தமிழில் சொன்னார்.

"மாட்டும் முன் இதை உரிக்கவும்."

தாளைப் பிடித்திருந்த கை மடியில் இறங்கியது.

"போர்டு மாட்டித்தான் அனுப்பியிருக்கான். நான்தான் படிக்கல." பிறகு எல்லோரையும் பார்த்து, பவர் ஹவுஸில் சொல்வதுபோலவே சொன்னார். "ட்ரிப்புக்குக் காரணம் தெரிஞ்சிருச்சு. தப்பு என்னுது."

நெஞ்சைத் தொட்டுக்கொண்டு டீச்சர் பக்கம் திரும்பினார். "இதுவும் சொல்லிக்கிட்டேதான் இருந்துச்சு. நீங்களும் சொல்லிக்கிட்டேதான் இருந்தீக."

"இருக்கட்டும். இப்பக் கேட்டீகள்ல" என்றார் டீச்சர்.

ஜெபராஜ் கூலரின் அடியைத் துடைத்து, பொட்டளவு பசை வைத்து, கூலரை மாட்டினார். ஓட விட்டோம். எண் கொஞ்சம் ஏறி, அங்கேயே நின்றது. லைன் கிளியர் அதை அதிக நேரம் பார்க்கவில்லை. மெல்ல எழுந்து ஃபிரிட்ஜின் பக்கம் போனார். கைப்பிடித் தாளின் ஓரத்தை நகத்தால் நெம்பி, சர்ரென்று உரித்தார். பிறகு டிவி. செய்தி வாசிப்பவருக்குக் காமாலை தெளிந்தது. கடைசியில் சோபா. அந்தப் பாலிதீனைக் கிழிக்க நாங்கள் எல்லோருமே கை கொடுத்தோம். டீச்சர் உட்கார்ந்து கையால் தடவிப் பார்த்தார்.

"இத்தனை வருஷமும் இது மெத்துனுதான் இருந்திருக்கு" என்றார்.

அதன் பிறகு பவர் ஹவுஸ் கீழேயே நடந்தது. டீச்சரும் கற்றுக்கொண்டு மத்தியான ஷிப்ட் பார்த்தார். டூட்டி மாறும்போது இருவரும் எழுந்து நின்று, ஆற்றில் எவ்வளவு தண்ணீர், டர்பைனில் எவ்வளவு லோடு என்று ஒப்படைத்துக்கொள்வார்கள். டீச்சரின் போர்டு மட்டும் சட்டையிலிருந்து மாடிப்படியின் கைப்பிடிக்கு மாறியது. "டீச்சர், அதை எப்பக் கழட்டுவீக?" என்று அவர் அடிக்கடி கேட்பார். "மாட்டுனது நான். எனக்குத் தோணும்போது கழட்டுவேன்" என்பார் டீச்சர். டாக்டர் பயப்பட்டதைவிட நிறைய நாள் அவர் எங்களோடு இருந்தார்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள், ஆற்றில் தண்ணீர் நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லி டூட்டியை டீச்சரிடம் ஒப்படைத்துவிட்டு, மத்தியானம் சற்றுக் கண்ணயர்ந்தவர் எழவில்லை.

காரியம் எல்லாம் முடிந்து போன மாதம்தான் அந்த வீட்டுக்குள் போனேன். கூடத்தில் அவருடைய படம் மாட்டியிருந்தது. காக்கிச் சட்டையில் இருந்தார். மாலை இல்லை. அதற்குப் பதிலாக, படத்தின் ஆணியில் அந்தச் சிவப்பு போர்டு தொங்கியது. நான் அதையே பார்ப்பதைப் பார்த்துவிட்டு டீச்சர் காப்பியை நீட்டினார்.

"மாட்டுனது நான்தான தம்பி. கழட்ட மனசு வரல."

நல்ல வெயில். சட்டைக்குள் வேர்வை வழிந்தது. ஃபேன் சுவிட்ச் படத்துக்கு நேர் கீழே இருந்தது. அதைப் போடாமலே உட்கார்ந்து, காப்பியைக் குடித்து முடித்து வந்தேன்.